பிளக்-இன் ஹைப்ரிட் காரில் கியர்பாக்ஸ் கோளாறும் இழுவை இழப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி திடீரென்று இழுக்கவில்லை, திரையில் மஞ்சள் விளக்கு எரிகிறது, பட்டறைக்குப் போனால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்கிறார்கள். இன்ஜினும் மின்மோட்டாரும் இரண்டும் உள்ள, வெளியே சார்ஜ் போடக்கூடிய பிளக்-இன் ஹைப்ரிட் வைத்திருப்பவர்களிடம் இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். என் வண்டியிலும் ஒருமுறை நடந்தது. கியர்பாக்ஸில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய்விட்டால் முதலில் என்ன செய்வது?

ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். வண்டிக்கு இருக்கும் வேகத்தை வைத்தே சாலையோரம் ஒதுங்குங்கள். நகரும்போது பவர் பட்டனை அழுத்தி அணைக்க முயல வேண்டாம். 12 வோல்ட் மின்சாரம் இருக்கும்வரை பவர் ஸ்டீயரிங் வேலை செய்யும். பிரேக்கும் பிடிக்கும், ஆனால் பெடல் வழக்கத்தைவிடக் கடினமாக இருக்கலாம். அப்படி இருந்தால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள்.

நின்றபின், அணைப்பதற்கு முன் டேஷ்போர்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் பாதி எச்சரிக்கைகள் மறைந்துவிடும், பிறகு அவை இருந்தன என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு வண்டியை அணைத்து, கதவைப் பூட்டி, பத்து நிமிடம் விட்டுவிட்டு மீண்டும் முயலுங்கள். உள்ளே இருக்கும் கணினிகள் தூங்கி எழுந்தால் தற்காலிகக் கோளாறுகள் பல விலகும். ஓடத் தொடங்கிவிட்டது என்பதால் சரியாகிவிட்டது என்று எண்ணி நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

புகையோ, இனிப்பான ரசாயன வாடையோ, சீறும் சத்தமோ வந்தால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். எல்லோரும் இறங்கி வண்டியைவிட்டுத் தூரமாகப் போய்விடுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

திரையில் கியர்பாக்ஸ் கோளாறு என்று வந்தால் கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் அப்படி அர்த்தம் இல்லை. இந்த வண்டிகள் பலவற்றில் மின்மோட்டார் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரின் சுழற்சியை அளக்கும் சென்சார், வெப்பநிலை சென்சார், அவற்றின் வயர்கள், மின்சார ஆயில் பம்ப் எல்லாம் அதே கூட்டில். இவற்றில் எது தடுமாறினாலும் திரையில் ஒரே செய்திதான் வரும்.

2023 ஜனவரியில் அமெரிக்காவில் 67,000-க்கும் மேற்பட்ட கிரைஸ்லர் பசிஃபிகா பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஓடும்போதே இன்ஜின் அணையும் ஆபத்து இருந்தது. காரணம் கியர் பற்கள் தேய்ந்தது அல்ல, கியர்பாக்ஸுக்குள் இருந்த ஒரு வயர் கனெக்டரில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்.

ஆகவே பட்டறையில் கேட்க வேண்டியது, இழுவை எந்த இடத்தில் அறுந்தது என்பதுதான். இன்ஜின் பக்கமா, மோட்டார் பக்கமா, இரண்டையும் சேர்க்கும் கிளட்ச் பக்கமா? இதற்கு விடை சொல்லாமல் கியர்பாக்ஸை மாற்றச் சொன்னால் இன்னொரு பட்டறையின் கருத்தையும் கேளுங்கள்.

என் வண்டியில் எந்த வகை கியர்பாக்ஸ் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஒரு வண்டியில் இயல்பாக இருப்பது இன்னொன்றில் நோயின் அறிகுறியாக இருக்கும்.

டொயோட்டா ப்ரியஸ் பிளக்-இன் வகையில் இருப்பது கோள் கியர் (planetary gear) தொகுதி. நடுவில் ஒரு கியர், சுற்றிலும் சிறு கியர்கள், வெளியே ஒரு வளையம். இன்ஜினும் இரண்டு மோட்டார்-ஜெனரேட்டர்களும் இதன் வழியாக எப்போதும் இணைந்தே இருக்கும். இதையும் சிவிடி (CVT, படிகள் இல்லாமல் விகிதம் மாறும் கியர்பாக்ஸ்) என்றே அழைப்பதால் உள்ளே பெல்ட் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெல்ட் கிடையாது, ஆகவே பெல்ட் வழுக்கவும் முடியாது. ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் இன்ஜின் கத்தும், வேகம் மெதுவாகத்தான் ஏறும். இது அந்த அமைப்பின் இயல்பு.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஇ, பிஎம்டபிள்யூ 330இ, ஜீப் ராங்ளர் ஃபோர்-பை-ஈ போன்றவை வேறு. இன்ஜினுக்கும் சாதாரணப் படிநிலை கியர்பாக்ஸுக்கும் நடுவில் மோட்டாரைச் செருகியிருக்கிறார்கள். கோல்ஃபில் 6 கியர் இரட்டைக் கிளட்ச், மற்ற இரண்டில் 8 கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜினுக்கும் மோட்டாருக்கும் இடையே பிரிப்புக் கிளட்ச் ஒன்று உண்டு. மின்சாரத்தில் மட்டும் ஓடும்போது அது இன்ஜினைக் கழற்றிவிடும், தேவைப்படும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். இந்த வகையில் இன்ஜின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் அதை இயல்பு என்று விடக்கூடாது. கிளட்ச் வழுக்குகிறது.

2013-இல் வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன்னில் படிநிலை கியர்பாக்ஸே இல்லை. குறைந்த வேகத்தில் இன்ஜின் மின்சாரம் மட்டும் தயாரிக்கும், சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்கள். மணிக்கு 65 கி.மீ. அளவைத் தாண்டியபிறகுதான் ஒரு கிளட்ச் மூடி இன்ஜினை முன்சக்கரத்தோடு நேராக இணைக்கும். ஆகவே இதில் குறைந்த வேகத்தில் இழுவை போனால் சந்தேகம் பேட்டரி, மோட்டார் பக்கம்தான் போக வேண்டும்.

வோல்வோ எக்ஸ்சி90 டி8 போன்றவற்றில் இன்ஜின் முன்சக்கரங்களுக்கு, மோட்டார் பின்சக்கரங்களுக்கு. இரண்டுக்கும் நடுவே தண்டு எதுவும் இல்லை. பின் மோட்டார் ஒதுங்கிக்கொண்டால் அது தரும் இழுவையோடு நான்கு சக்கர ஓட்டமும் போய்விடும். சேற்றிலும் ஈரச் சரிவிலும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மின்சாரத்திலிருந்து இன்ஜினுக்கு மாறும்போது வண்டி உதறுகிறது. ஆபத்தா?

எப்போது உதறுகிறது என்று பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல்முறை உயிர்பெறும்போது ஒரு சின்ன உதறல், பிறகு இல்லை என்றால் கவலை வேண்டாம். சுழலாமல் நிற்கும் இன்ஜினை, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோடு அரை நொடிக்குள் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து கிளட்ச் கோக்க வேண்டும். இது எளிய வேலை இல்லை.

ஒவ்வொரு மாற்றத்திலும் உதறினால், அல்லது நாளுக்கு நாள் மோசமானால், வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் மென்பொருள் பதிப்பு. கிளட்ச் எந்த அழுத்தத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை வண்டி தானாகக் கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருக்கும். கிளட்ச் தேயத் தேய அந்தப் புள்ளி நகரும். வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியில் மறுகற்பித்தல் செய்தாலே பல உதறல்கள் போய்விடும். அடுத்து ஆயிலின் அளவும் நிலையும். பிறகு இன்ஜின் மவுன்ட் ரப்பர்கள். ஹைப்ரிட் இன்ஜின் ஒரு பயணத்தில் எத்தனையோ முறை அணைந்து எழுகிறது, அந்த அதிர்ச்சி முழுவதையும் தாங்குவது இந்த ரப்பர்கள். வெடித்துப்போன மவுன்டைப் பார்க்காமல் கியர்பாக்ஸைக் குற்றம் சொல்வதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கருகிய வாடையோடு உதறினால் கிளட்ச் சூடாகிறது. முன்வண்டிக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு, நகர்ந்தால் முழுதாக நகருங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்கவே கூடாது.

சமதரையில் நன்றாக ஓடுகிறது, நீண்ட ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைகிறது. ஏன்?

விளம்பரத்தில் வரும் குதிரைத்திறன் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்தது. பேட்டரியில் கொடுக்க மின்சாரம் இருக்கும்வரைதான் அந்த எண் உண்மை. தீர்ந்தபின் வண்டியை இழுப்பது இன்ஜின் மட்டும். அதுவும் பேட்டரியின் எடையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள வண்டி, 6 சதவீதச் சரிவில் 10 கி.மீ. ஏறினால் 600 மீட்டர் உயரம் போகிறது. அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஏறக்குறைய 3.3 கிலோவாட் மணி வேண்டும். காற்றின் எதிர்ப்பு, டயர் உராய்வு தனி. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஏறினால் தூக்குவதற்கு மட்டும் இடைவிடாமல் 26 கிலோவாட் போய்க்கொண்டிருக்கும். 2017-இல் வந்த ப்ரியஸ் பிரைம் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 8.8 கிலோவாட் மணி. 'தீர்ந்துவிட்டது' என்று திரை காட்டும்போது ஹைப்ரிட் ஓட்டத்துக்காக ஒதுக்கி வைத்திருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். மலை அடிவாரத்துக்குக் காலி பேட்டரியோடு வந்தால் பாதி வழியில் திணறும்.

இதன் கடுமையான வடிவத்தை பிஎம்டபிள்யூ ஐ3-இன் பெட்ரோல் ஜெனரேட்டர் பொருத்திய பதிப்பில் பார்க்கலாம். 125 கிலோவாட் மோட்டாருக்கு மின்சாரம் தர 647 சி.சி. இன்ஜின். மோட்டார் கேட்பதில் நான்கில் ஒரு பங்குகூட அதனால் தர முடியாது. அமெரிக்கப் பதிப்பில் பேட்டரி ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு இறங்கியபிறகுதான் அந்த இன்ஜின் தொடங்கும். நெடுஞ்சாலை ஏற்றத்தில் அந்த மிச்சமும் தீர்ந்து வேகம் சரிந்தது என்று ஓட்டுநர்கள் புகார் சொன்னார்கள். ஐரோப்பியப் பதிப்பில் ஓட்டுநரே முன்கூட்டி ஜெனரேட்டரைத் தொடங்க வழி இருந்தது. இன்ஜின் அதேதான், ஆனால் அங்கே ஏற்றத்துக்கு முன்பே சேமிக்க முடிந்தது.

உங்கள் வண்டியில் சார்ஜைப் பிடித்துவைக்கும் முறை இருக்கும். சேவ், ஹோல்டு, சார்ஜ் என்று பெயர் மாறும். செவ்ரலே வோல்ட் காரில் மலைக்கென்றே ஒரு முறை வைத்தார்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் அல்ல, அதற்கு இருபது முப்பது நிமிடம் முன்பே அதைப் போடுங்கள். அப்படியும் திணறினால்தான் கோளாறைத் தேட வேண்டும்.

குளிரிலும் கடும் வெயிலிலும் இழுவை மாறுவது இயல்பா?

இயல்புதான். லித்தியம் அயான் பேட்டரி குளிர்ந்தால் உள்மின்தடை கூடும், கொடுக்கும் திறன் குறையும். உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் பாழாகும். அதனால் கணினி, பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தையும் மறுத்துவிடும். வெப்பத்திலும் இதேபோல் அளவைக் குறைக்கும். பேட்டரிக்குக் காற்றுக் குளிரூட்டல் உள்ள வண்டியானால் பின்இருக்கை அருகே இருக்கும் காற்று உறிஞ்சும் துவாரத்தைப் பாருங்கள். பையும் துணியும் அதை அடைத்துக் கிடப்பதும், வடிகட்டியில் முடி படிந்திருப்பதும் சர்வ சாதாரணம்.

இன்வெர்ட்டர் என்கிறார்களே, அது எப்படி இழுவையைக் கெடுக்கும்?

பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கான மூன்று கட்ட மாறுமின்சாரமாக மாற்றுவது இன்வெர்ட்டர். பெரும் மின்னோட்டம் அதன் டிரான்சிஸ்டர்கள் வழியாகப் போவதால் சூடாகும். பல வண்டிகளில் இதற்கென்று தனி கூலன்ட் சுற்றும் தனி மின்பம்பும் உண்டு. இன்ஜின் கூலன்ட் டப்பாவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம், இன்னொரு சிறிய டப்பா ஓரத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பம்ப் நின்றால் சில நிமிடத்தில் இழுவை குறையும், ஆறினால் திரும்ப வரும். வந்து வந்து போகும் கோளாறு என்றால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஸ்கேனரில் இதற்கான பிழைக் குறியீடு பி0ஏ93 (P0A93).

டிரான்சிஸ்டரே வெப்ப அழுத்தத்தில் சேதமாகும் வாய்ப்பும் உண்டு. 2014 பிப்ரவரியில் டொயோட்டா உலகமெங்கும் 19 லட்சம் ப்ரியஸ் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். அப்போது மென்பொருளைத் திருத்தினார்கள். சேதம் நேர்ந்தால் வண்டி குறைந்த சக்தியில் ஊர்ந்து போகும் பாதுகாப்பு நிலைக்குப் போக வேண்டும். சில சூழலில் அந்த நிலைக்கே போகாமல் இழுவை முழுதாக அறுந்துவிடும் என்று தெரிந்ததும் 2018 அக்டோபரில் 24 லட்சம் ஹைப்ரிட்களை மறுபடி அழைத்தார்கள். இழுவை குறைவதைப் பார்த்து எரிச்சல்படுகிறோம். ஆனால் குறைந்த சக்தியிலாவது ஓரமாக ஒதுங்க விடுவது எவ்வளவு பெரிய உதவி என்பதை இந்த இரண்டாவது அழைப்பு காட்டுகிறது.

இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது 12 வோல்ட் பேட்டரி ஏன் பிரச்சினை ஆகிறது?

பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதும், எல்லாக் கணினிகளையும் எழுப்புவதும் அந்தச் சின்ன பேட்டரிதான். அதன் வோல்ட் சரிந்தால் கணினிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் ஆளுக்கொரு குற்றச்சாட்டை எழுதிவைக்கும். கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டீயரிங், ஹைப்ரிட் என்று ஒரே நேரத்தில் ஐந்தாறு எச்சரிக்கை வந்தால் ஐந்தாறு பாகங்களும் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று நம்பாதீர்கள்.

பெட்ரோல் காரில் பேட்டரி பலவீனமானால் ஸ்டார்ட் ஆகும்போது இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும், நமக்குத் தெரிந்துவிடும். பல ஹைப்ரிட்களில் இன்ஜினைச் சுழற்றுவது உயரழுத்த மோட்டார் என்பதால் அந்த முன்னறிவிப்பே கிடையாது. நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று செத்துக்கிடக்கும். என் வண்டியில் நடந்தது இதுதான். கியர்பாக்ஸ் கோளாறு என்று செய்தி, பட்டறையில் பெரிய பட்டியல். வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 11.6. சின்ன பேட்டரியை மாற்றியதோடு முடிந்தது.

வண்டி சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. வண்டி ஓடத் தயாராக இருக்கும் 'ரெடி' நிலையில் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு மின்சாரம் மாற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி நிறைய இருக்கிறது, ஆனாலும் இன்ஜின் தானாக ஓடுகிறது. கோளாறா?

கோளாறு இல்லை. தினமும் சார்ஜ் போட்டு ஓட்டுபவர்களின் இன்ஜின் வாரக்கணக்கில் தூங்கும். பெட்ரோல் பழசாகும், சீல்கள் காயும். அதனால் வண்டியே அவ்வப்போது எழுப்பும். செவ்ரலே வோல்ட் ஆறு வாரம் இன்ஜின் ஓடாவிட்டால் கொஞ்ச நேரம் ஓட்டக் கேட்கும்.

இன்ஜின் இரண்டு நிமிடம் ஓடி அணைவதே வழக்கமானால் பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். சூடு ஏறினால்தான் அது ஆவியாகிப் போகும். மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் இன்ஜினிலேயே ஓட்டுங்கள். ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மட்டும் மாற்றாமல் காலம் பார்த்தும் மாற்றுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுவதும் போதும் என்கிறார்களே?

வண்டியை நீண்டகாலம் வைத்திருக்க நினைப்பவர் அதை நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் கண்ட ஆயிலையும் ஊற்றக்கூடாது. மோட்டாரின் செம்புச் சுருள்களும் அதே ஆயிலில் நனையும் வடிவமைப்புகளில் அது மின்கடத்தாத் தன்மையையும் காக்க வேண்டும். கையேட்டில் சொன்ன ஆயில் மட்டுமே.

பிழைக் குறியீட்டை அழித்தால் சரியாகிவிடுமா?

அழித்தால் தடயம்தான் போகும். ஒவ்வொரு குறியீட்டோடும் அந்த நொடியின் வேகம், வெப்பநிலை, சார்ஜ் அளவு எல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பி0700 (P0700) என்பது கியர்பாக்ஸ் கணினி ஏதோ புகார் சொல்கிறது என்ற பொதுக் குறிப்பு மட்டும், உண்மைக் காரணம் அந்தக் கணினிக்குள் தனியாக இருக்கும். பி0ஏஏ6 (P0AA6) வந்தால் உயரழுத்த மின்காப்பு எங்கோ கசிகிறது, தள்ளிப்போடக் கூடாது. யு0100 (U0100) என்பது இன்ஜின் கணினியோடு தொடர்பு அறுந்ததைச் சொல்லும். பல நேரம் அதன் பின்னால் இருப்பது வோல்ட் குறைவோ துருப்பிடித்த எர்த் இணைப்போதான்.

மென்பொருள் புதுப்பித்தபின் இழுவை போனது. அப்படி நடக்குமா?

நடக்கும். 2025 அக்டோபரில் ஜீப் ராங்ளர் ஃபோர்-பை-ஈ வண்டிகளுக்கு இணையம்வழி அனுப்பிய ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு சில வண்டிகள் ஓடும்போதே இழுவையை இழந்தன. நிறுவனம் அதை நிறுத்திவிட்டுத் திருத்தம் அனுப்பியது. நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு புதுப்பிப்பு போடாதீர்கள். போட்டபின் முதலில் பக்கத்துத் தெருவில் ஓட்டிப் பாருங்கள்.

நானே என்னென்ன செய்து பார்க்கலாம்?

12 வோல்ட், கூலன்ட் அளவுகள், காற்றுத் துவாரம், ஸ்கேனரில் குறியீடு படிப்பது. இவ்வளவுதான். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள், அவற்றில் ஓடுவது சில நூறு வோல்ட், ஆளைக் கொல்லும். பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றியபின்னும் மின்தேக்கிகள் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். பயிற்சி பெற்றவர்களே 1,000 வோல்ட் கையுறை போட்டுத்தான் அங்கே கை வைக்கிறார்கள்.

நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுக்கலாமா?

வேண்டாம். மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் தயாரிக்கும், ஆயில் பம்ப் ஓடாததால் கியர்களும் காயும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் மேலே ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

பழைய பிளக்-இன் ஹைப்ரிட் வாங்குகிறேன். இழுவையை எப்படிச் சோதிப்பது?

விற்பவர் முழுச் சார்ஜில் காட்டுவார். அந்த நிலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இழுக்கும். முதலில் இரவு முழுவதும் நின்ற குளிர்ந்த நிலையில் தொடங்கி, மின்சாரத்தில் மட்டும் மெதுவாக ஓட்டி, இன்ஜின் முதன்முதலில் எழுவதைக் கவனியுங்கள். பிறகு சார்ஜ் தீரும்வரை ஓட்டி, காலி பேட்டரியோடு ஒரு நல்ல ஏற்றத்தில் ஏற்றுங்கள். கிளட்ச் உள்ள வகையானால் இன்ஜின் சுழற்சியும் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றனவா என்று பாருங்கள். இறங்கியதும் பானெட்டைத் திறந்து இன்வெர்ட்டர் கூலன்ட் டப்பாவில் நீரோட்டம் தெரிகிறதா என்று பாருங்கள், பல வண்டிகளில் கண்ணுக்கே தெரியும். கடைசியாக வண்டியின் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்து, செய்யாமல் விட்ட திரும்ப அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தபிறகு விலை பேசுங்கள்.